மச்சான் காட்டிய பாட்டில்: டர்போ காருக்கு ஆயில் கேட்ச் கேன் வேண்டுமா?

பெரும்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். வயது 34, சோழிங்கநல்லூரில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் லோன் போட்டு 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வாங்கினார். மூன்று சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். இதுவரை 22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீட்டிலிருந்து ஆபீஸ் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை, மாதம் ஒருமுறை சொந்த ஊர் திண்டிவனம். கம்பெனி வாரன்டி இன்னும் ஒரு வருடம் பாக்கி.

அவருடைய மச்சான் இதே மாதிரி டர்போ காரில் ஆயில் கேட்ச் கேன், அதாவது இன்ஜினிலிருந்து வரும் புகையில் உள்ள எண்ணெயை வழியிலேயே பிடித்து வைக்கும் சின்ன டப்பா, மாட்டியிருக்கிறார். 4,000 கிலோமீட்டரில் சேர்ந்ததை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, "பார், இவ்வளவும் உன் இன்ஜினுக்குள்ளே போய்க்கொண்டிருக்கிறது" என்று காட்டியிருக்கிறார். சுமார் 120 மில்லி, பழுப்பு நிறம். பயந்துபோய் நம் வாசகர் ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயைக் கழற்றிப் பார்க்க, உள்ளே விரலில் ஒட்டும் அளவுக்கு எண்ணெய். சர்வீஸ் சென்டரில் "அது நார்மல் சார்" என்று அனுப்பிவிட்டார்களாம். ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் ஃபிட்டிங்கோடு 14,500 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். அப்பா, "ஓடுற வண்டியில எவனையும் கை வைக்க விடாதே" என்கிறார். "தெரிந்தே என் காரைக் கெடுக்கிறேனோ என்று தூக்கம் வரவில்லை சார். மாட்டலாமா? மாட்டினால் வாரன்டி போய்விடுமா? மைலேஜ் கூடுமா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, முதலில் தூங்குங்கள். உங்கள் இன்ஜின் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு நீங்கள் எழுதியதில் ஒரு அறிகுறிகூட இல்லை. கடைசிக் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: மைலேஜும் கூடாது, பவரும் கூடாது. யாராவது கூடும் என்று சொல்லி விற்றால் அந்தக் கடையிலிருந்து கிளம்பிவிடுங்கள். மற்ற இரண்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியவை.

பிஸ்டனைச் சுற்றி எவ்வளவு நல்ல ரிங் போட்டாலும், எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி அதைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் பக்கம் இறங்கும். மெக்கானிக் பாஷையில் இதுதான் ப்ளோ-பை. எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி, சூடான ஆயிலின் மிக நுண்ணிய துளிகள் எல்லாம் அதில் கலந்திருக்கும். அதை வெளியேற்றாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி சீல்கள் கசியும். பழைய லாரிகளில் ஒரு பிரீதர் குழாயைத் தரையைப் பார்க்க விட்டிருப்பார்கள், நிறுத்திய இடத்தில் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். காற்றைக் கெடுக்கிறது என்று 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இதற்குத் தடை வந்தது, அந்த வாயுவை இன்ஜினே மறுபடி உறிஞ்சி எரித்துவிடும்படி பிசிவி வால்வு வந்தது. ஆக, உங்கள் இன்ஜின் இந்த எண்ணெய்ப் புகையை உள்ளே இழுப்பது கோளாறு கிடையாது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வந்தால் இதில் ஒரு சிக்கல் சேரும். ஐடிலிங்கிலும் மெதுவாகப் போகும்போதும் இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயில், வெற்றிடம் இருக்கும், வாயு பிசிவி வழியாக நேரே அங்கே போய்விடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி டர்போ பூஸ்ட் கொடுக்கும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் வந்துவிடும், அந்த வழியிலுள்ள ஒருவழி வால்வு மூடிக்கொள்ளும். அப்போது வாயு இன்னொரு குழாய் வழியாக டர்போவுக்கு முன்னால் இருக்கும் ஏர் பைப்பில் சேரும். நீங்கள் விரலால் தொட்டுப் பார்த்தது அந்த இடம்தான். டர்போ காரில் அங்கே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கத்தான் செய்யும். சர்வீஸ் சென்டர்காரர் சொன்னது சரி, இந்த விளக்கத்தையும் இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள்.

இப்போது அந்த பாட்டிலுக்கு வருகிறேன், உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே. போன ஐப்பசி மழையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு காரின் கேட்ச் கேனைத் திறந்தேன். உள்ளே இருந்தது பார்க்க ஆறிப்போன பால் காபி மாதிரி, மேலே மஞ்சள் நுரை, மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை. ஒரு கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி ஜன்னல் ஓரம் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் அடியில் கலங்கலான தண்ணீர், நடுவில் க்ரீம் மாதிரி ஒரு அடுக்கு, மேலே கறுத்த ஆயில். பாதிக்கு மேல் தண்ணீர். உங்கள் மச்சானையும் இதைச் செய்யச் சொல்லுங்கள், ஒரு ராத்திரி ஆடாமல் வைத்தால் போதும். அந்தத் தண்ணீர் எங்கிருந்தும் கசிந்து வந்ததில்லை, பெட்ரோல் எரிந்தாலே நீராவி உண்டாகும், அது கேனின் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. நம் ஊர்க் காற்றின் ஈரமும் கொஞ்சம் சேரும். பங்க்கில் தண்ணீர் கலந்த பெட்ரோல் போட்டுவிட்டான் என்று யாரும் சண்டைக்குப் போக வேண்டாம்.

120 மில்லியில் பாதி ஆயில் என்றே வைத்துக்கொள்வோம். 4,000 கிலோமீட்டருக்கு 60 மில்லி, அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு 15 மில்லி, மூன்று டீஸ்பூன். சில கம்பெனிகளின் கையேட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஆயில் குறையலாம் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அது எனக்கே அதிகமாகத்தான் படுகிறது, ஆனாலும் மூன்று டீஸ்பூன் எங்கே, அரை லிட்டர் எங்கே? அந்த மூன்று டீஸ்பூனிலும் பெரும்பகுதி சிலிண்டருக்குள் போய் எரிந்து சைலன்சர் வழியாகப் போய்விடும்.

அதற்காக மச்சான் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகில் படுவதே இல்லை. பழைய முறையில், அதாவது எம்பிஎஃப்ஐயில், பெட்ரோல் வால்வின் மேல் தெளித்துக்கொண்டே இருப்பதால் அது தானாகவே கழுவப்படும். கழுவ ஆள் இல்லாத சூடான வால்வில் ஆயில் துளி விழுந்து விழுந்து காய்ந்தால் என்ன ஆகும்? வீட்டில் வாணலியின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள், எண்ணெய் தெறித்துக் காய்ந்து, சுரண்டினாலும் வராத கறுப்புப் பிசுக்கு. அதேதான். அது தடித்தால் காற்று போகும் வழி குறுகும், ஐடிலிங் தடுமாறும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிஸ்ஃபயர் (ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுவது) வரும். இந்தப் பிரச்சினை உண்மை. அதிக ஆயில் ஆவி உள்ளே போனால் நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டும் சத்தம்) வர வாய்ப்பு கூடும் என்பதும் உண்மை.

ஆனால் இது எல்லா டர்போவுக்கும் பொருந்தாது. டாடா நெக்ஸானின் 1.2 டர்போ பெட்ரோல் எம்பிஎஃப்ஐ. மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவில் ஒரே 1.2 லிட்டர் டர்போ இரண்டு வகையிலும் வருகிறது, ஒன்று எம்பிஎஃப்ஐ, இன்னொன்று டைரக்ட் இன்ஜெக்‌ஷன். எம்பிஎஃப்ஐ வைத்திருப்பவர்கள் வால்வு கார்பனுக்குப் பயந்து கேட்ச் கேன் வாங்கினால் அது வீண் செலவு. உங்களுடையது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்பதால்தான் இவ்வளவு தூரம் பேசுகிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் திருத்த வேண்டிய சில எண்ணங்கள் இருக்கின்றன.

"கேன் மாட்டினால் கார்பனே வராது"
வரும், மெதுவாக வரும். வால்வு தண்டின் சீல் வழியாக இறங்கும் ஆயிலும், வால்வுகள் ஒன்றாகத் திறந்திருக்கும் அந்த நொடியில் திரும்பி வரும் எரிந்த வாயுவும் கேன் பக்கமே போகாமல் நேராக வால்வில் படிபவை. தவிர, இன்றைய இன்ஜின்களில் கம்பெனியே ஒரு ஆயில் செபரேட்டரை உள்ளே வைத்துத்தான் அனுப்புகிறது. நீங்கள் மாட்டும் கேன் அதையும் தாண்டி வரும் மிச்சத்தைத்தான் பிடிக்கும்.

"ரேஸ் காரில் எல்லாம் இருக்கிறதே"
இருக்கிறது, காரணம் வேறு. திறந்த பிரீதர் வைத்த ரேஸ் காரிலிருந்து ஆயில் வழிந்து டிராக்கில் கொட்டினால் பின்னால் வருகிறவன் சறுக்கிச் சாவான். அதனால் சர்வதேச மோட்டார் விளையாட்டு விதிகளில் 2,000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கொள்ளும் கேட்ச் டேங்க் கட்டாயம் என்று இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடும் காருக்கு அது பாதுகாப்பு. உங்கள் சோழிங்கநல்லூர் சிக்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"டேங்க்கில் அடிட்டிவ் ஊற்றினால் வால்வு சுத்தமாகிவிடும்"
கடிதத்தின் ஓரத்தில் இதையும் கேட்டிருந்தீர்கள். பெட்ரோலே படாத வால்வை பெட்ரோலில் கலந்த மருந்து எப்படிச் சுத்தம் செய்யும்? இன்ஜெக்டருக்கு வேண்டுமானால் பலன் இருக்கும். வால்வில் கார்பன் உண்மையிலேயே தடித்துவிட்டால் மேனிஃபோல்டைக் கழற்றி, பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றோடு பீய்ச்சி உரித்தெடுப்பதுதான் சரியான வழி. 22,000 கிலோமீட்டரில் உங்களுக்கு அதைப் பற்றிய நினைப்பே வேண்டாம்.

அடுத்து ஆபத்து, இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். இரண்டு வருடம் முன் ஒருவர் நீலப் புகையோடு வந்தார். வேறொரு இடத்தில் டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை. பானட்டைத் திறந்தால் பளபளவென்று ஒரு கேட்ச் கேன், அதற்குப் போட்டிருந்த குழாய் சாதாரண ரப்பர், ஆயில் தாங்கும் வகை இல்லை. கையில் பிடித்தால் ஊறிப்போன தோல் மாதிரி கொழகொழவென்று இருந்தது. இன்ஜின் ஓடும்போது அது உள்வாங்கித் தட்டையாகிவிடுகிறது. வாயு வெளியேற வழியில்லாமல் கீழே அழுத்தம் ஏறியிருக்கிறது. டர்போவிலிருந்து ஆயில் தன் எடையில்தான் ரிட்டர்ன் லைன் வழியாகக் கீழே இறங்க வேண்டும், கீழே அழுத்தம் இருந்தால் இறங்காது, டர்போ சீலைத் தாண்டி வெளியே வந்து எரிந்து நீலப் புகையாகும். கேனை எடுத்துவிட்டு கம்பெனி குழாயைத் திரும்பப் போட்டேன், நாலு நாளில் புகை நின்றது. எண்ணெய் உள்ளே போகக் கூடாது என்று மாட்டிய பொருளே எண்ணெயை உள்ளே தள்ளியிருக்கிறது.

சிறிய விட்டமுள்ள குழாய் போட்டாலும் இதே கதைதான். கிளாம்ப் சரியாக இறுக்காவிட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே போய் செக் இன்ஜின் லைட் எரியும். டர்போ பக்கத்தில் கேனை மாட்டினால், அதுவும் சித்திரை வெயிலில், அது சூடேறி எதுவும் குளிராது, ஆவி அப்படியே கடந்து போய்விடும். குழாய் கழன்று எக்ஸாஸ்ட் மேல் ஆயில் கொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. நிரம்பியதைக் கவனிக்காமல் விட்டால் சேர்ந்தது மொத்தமும் ஒரே மடக்கில் உறிஞ்சப்படும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பல புதிய இன்ஜின்களில் பிசிவி வால்வும் செபரேட்டரும் இன்ஜினோடு சேர்ந்தே வருகின்றன, மேனிஃபோல்டுக்குப் போகும் வழி வெளியே குழாயாகவே இருக்காது. அப்படியானால் கேனை டர்போ பக்கக் குழாயில்தான் மாட்ட முடியும், அது பூஸ்டில் ஓடும்போது மட்டும் வேலை செய்யும். முதல் கியர், இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும் உங்கள் பயணத்தில் பூஸ்ட் எங்கே வரப்போகிறது? ஆக, 14,500 ரூபாய் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதை எந்தக் குழாயில் மாட்டப் போகிறீர்கள்?" பதில் தெளிவாக வராவிட்டால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

வாரன்டியும் சட்டமும்

கேன் மாட்டியதாலேயே முழு வாரன்டியும் செத்துவிடும் என்பது மிகை. வாரன்டி புத்தகத்தில் பொதுவாக இருப்பது, வெளியில் செய்த மாற்றத்தால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்பதுதான். கேன் மாட்டிய காரில் பவர் விண்டோ மோட்டார் போனால் அவர்கள் மறுப்பது நியாயம் ஆகாது. ஆனால் டர்போ, சீல்கள், இன்டேக் எல்லாம் கேன் இருக்கும் அதே பாதையில் இருப்பவை, பெரிய செலவு வருவதும் அங்கேதான். அங்கே பழுது வந்தால் முதல் விரல் கேனை நோக்கி நீளும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. அதுவரை கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும், இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஒரு வருடத்துக்கு அந்த வழக்கை விலைக்கு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சி புத்தகத்திலுள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வாயுவை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் மூடிய வகை கேனால் அந்த விவரம் எதுவும் மாறுவதில்லை. மேலே சின்ன ஃபில்டர் வைத்து வாயுவை வெளியே விடும் கேனை மட்டும் தொடவே தொடாதீர்கள். பெட்ரோல் காரில் அந்த வாயு வெளிக்காற்றில் கலக்கவே கூடாது என்பது பிஎஸ்-6 உட்பட நம் புகை விதிகளில் இருக்கிறது. புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் சைலன்சரில் மட்டும்தான் பைப்பைச் செருகிப் பார்ப்பார்கள், அதனால் அங்கே பிடிபடாமல் போகலாம், தப்பு தப்புதான். சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது அந்த நாற்றம் காருக்குள் வரும், பின் சீட்டில் உங்கள் பிள்ளைகள் இருப்பார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்

உங்கள் காருக்கு உண்மையான எதிரி அந்த ஐந்து கிலோமீட்டர் பயணம். ஆயில் முழுச் சூடு ஏறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடுகிறது, பெட்ரோலும் நீரும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்குகின்றன. வாரத்தில் ஒருநாள், ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு வரையோ, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ முக்கால் மணி நேரம் ஒரே சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். திண்டிவனம் போகும் வாரம் இது தேவையில்லை.

ஆயிலைக் கையேட்டில் சொன்ன கிரேடில், ஏபிஐ எஸ்பி (ஆயில் டப்பாவில் அச்சிட்டிருக்கும் தரக் குறி) தரத்தில் போடுங்கள். 2020-இல் வந்த அந்தத் தரத்தில், சின்ன டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்கள் குறைந்த வேகத்தில் இழுக்கும்போது வரும் முன்-எரிதலை, அதாவது ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் எரிவதை, தடுப்பதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்றிருப்பதை நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கான பில்லைப் பத்திரமாக வையுங்கள். கேனுக்கான 14,500 ரூபாயில் பல ஆயில் சேஞ்ச் அடங்கும்.

சர்வீஸ் முடிந்து வண்டி எடுக்கும்போது சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை நீங்களே பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். அளவுக்கு மேல் ஆயில் இருந்தால் க்ராங்க் அதை அடித்து நுரையாக்கும், பைப்பில் எண்ணெய் கூடும். உங்கள் பைப்பில் பார்த்த எண்ணெய்க்குக்கூட இதுவே காரணமாக இருக்கலாம், எனக்கு இதில்தான் சந்தேகம் அதிகம்.

பிசிவியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் ஆயில் மூடியை மெதுவாகத் தளர்த்தினால் லேசாக உள்ளிழுப்பது சரி. மூடி வராத அளவுக்கு இழுத்தாலோ விசில் சத்தம் கேட்டாலோ பிசிவியின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், அது வாரன்டியிலேயே மாற்ற வேண்டிய பொருள். மூடியைத் தூக்கி எறிகிற மாதிரி காற்று வெளியே தள்ளினால் பிரச்சினை வேறு, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாரன்டி முடிந்த பிறகும் இந்த காரை ஏழெட்டு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், அப்போது கேன் மாட்டுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. உள்ளே தடுப்புத் தகடும் வலையும் உள்ள மூடிய வகை, கம்பெனி குழாய்க்குச் சமமான விட்டத்தில் ஆயில் தாங்கும் குழாய், டர்போவிலிருந்து தள்ளிக் காற்று படும் இடம், கழற்றிய பழைய குழாய் பத்திரமாக வீட்டில். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அப்புறம் உங்களைப் போலக் குறுகிய தூரம் ஓட்டுகிறவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம், கேனைத் திறந்து வடிக்க வேண்டும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயிலோடு சேர்க்கக் கொடுங்கள். இதை மறக்காமல் செய்ய முடியாது என்று தோன்றினால் கேன் மாட்டாமல் இருப்பதே உங்கள் இன்ஜினுக்கு நல்லது.

இப்போதைக்கு அப்பா சொல்வதைக் கேளுங்கள். நாளைக் காலை வண்டி எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, கோடு தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஆயில் மேல்கோட்டுக்கு மேலே இருந்தால் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன்.